மாப்பிள்ளை முகத்தில் கறுப்புக் கட்டம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையின் முகம் காணாமல் போனது.

வேலணையில் ஒரு தையல்கடையின் மேல்மாடியில் கஜானி வைத்திருந்த ஸ்ரூடியோவில்தான் அது நடந்தது. கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் எடுப்பதும் அவள்தான், எடுத்தவற்றைக் கணினியில் திருத்தி அல்பமாக அடுக்குவதும் அவள்தான். அன்று அவள் முன்னால் இருந்தது, போன கிழமை நடந்த தாரிகா, பிரவீனன் கல்யாணத்தின் தாலிகட்டுப் படம். அல்பத்தின் நடுவில் இரண்டு பக்கங்களையும் நிறைத்து வரவேண்டியது. சற்றுப் பெரிதாக்கிப் பார்ப்போம் என்று மவுசின் சில்லை உருட்டினாள். பிரவீனனின் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வந்து குந்தியது. தாரிகாவின் கூறைச்சேலைக்குக் குறுக்கே ஊதாக் கோடுகள் ஓடின. படத்தை நகர்த்தினால் பாதி நகர்ந்தது, மீதி அப்படியே நின்றது.

மென்பொருளை மூடித் திறந்தாள். கணினியையே நிறுத்திப் போட்டாள். கட்டம் போகவில்லை.

மணமக்கள் ஞாயிற்றுக்கிழமை நோர்வேக்குப் பறக்கிறார்கள். பின்னேரம் நான்கு மணிக்குள் பக்கங்களை அனுப்பினால்தான் யாழ்ப்பாணத்து அச்சகக்காரர் சனிக்கிழமை அல்பத்தைத் தருவார். அதைவிட இன்னொரு பயமும் இருந்தது. கமராவின் மெமரி கார்ட்டுகளை முந்தநாளே அழித்துவிட்டாள். படங்கள் பழுதாகியிருந்தால் அந்தக் கல்யாணத்தை இனி எங்கே போய் எடுப்பது?

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தாய் சறோஜினிதேவி படியேறி வந்தார். அச்சுக்குப் போக முன் அல்பத்தை ஒருதரம் பார்ப்பதாக முதல்நாளே சொல்லியிருந்தார். கையில் ஒரு டப்பா நிறையப் பயற்றம்பணியாரம்.

"ஐயோ பிள்ளை! மருமோன்ரை முகத்துக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை அன்ரி. கொம்பியூட்டர் குழப்படி செய்யுது. இருங்கோ."

"மற்ற எல்லாரும் வடிவா நிக்கினம். அந்தப் பெடியனிலை மட்டும் ஏன் கறுப்பு விழுந்தது? பொருத்தமெல்லாம் ரெண்டு சாத்திரியாரிட்டைப் பாத்தனாங்கள்."

கஜானி படத்தைக் கொஞ்சம் அசைத்தாள். கட்டம் பிரவீனனை விட்டுக் குருக்களின் தலைமேல் ஏறியது. இன்னும் அசைத்தாள். அது படத்தில் நின்ற சறோஜினிதேவியின் முகத்தில் நேரே போய் இருந்தது.

"சரி, சரி, மருமோனிலை பிழை இல்லை," என்று அவர் சிரித்துவிட்டார். "என்னை மறைக்காமல் ஏதும் செய்யும் பிள்ளை. அண்டைக்குத் தலை இழுத்துக் கொண்டை போடவே நாலு மணிக்கு எழும்பினனான்."

கணினி திருத்தும் ஜெனோசனுக்குக் கஜானி போன் எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருப்பவன்.

"பெட்டியைக் கொண்டு வாங்கோ அக்கா. நாலு நாள் செல்லும். கையிலை கன வேலை கிடக்கு."

"இண்டைக்கு நாலு மணிக்குள்ளை வேணும் தம்பி."

"அப்ப ஏலாது அக்கா," என்றான் அவன், உண்மையான கவலையோடு.

போனை வைத்துவிட்டுக் கஜானி ஒரு பயற்றம்பணியாரத்தை எடுத்துக் கடித்தாள். பிழை மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கமுடியும் என்று யோசித்தாள். படத்தில், திரையில், அல்லது இரண்டுக்கும் நடுவில்.

முதலில் படம். தாலிகட்டுப் படத்தின் ஒரு பிரதியைத் தன் போனுக்கு அனுப்பித் திறந்தாள். பிரவீனன் முழு முகத்தோடும் வியர்வையோடும் தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"படம் சுகமா இருக்கு அன்ரி!"

"அம்மாளாச்சி!" என்று சறோஜினிதேவி கதிரையில் அமர்ந்தார். இதுவரை அவர் நின்றுகொண்டே இருந்தது அப்போதுதான் கஜானிக்குத் தெரிந்தது.

அடுத்தது திரை. கட்டங்கள் தெரியும்போதே கணினியிலேயே திரையைப் படம்பிடித்து, அதையும் போனுக்கு அனுப்பினாள். போனிலும் கறுப்புக் கட்டம் தெரிந்தது.

"இதிலையும் கிடக்கே!" என்று சறோஜினிதேவி பதறினார்.

"அது நல்லதுதான் அன்ரி. திரை பழுதெண்டால் போனிலை தெரியாது. கொம்பியூட்டருக்குள்ளையே பிழையாத்தான் கீறுப்படுது. அப்ப திரையும் வயரும் சரி."

மிஞ்சியது நடுவில் உள்ளது. படத்தைத் திரையில் வரைவதற்கென்று கணினிக்குள் கிராபிக்ஸ் கார்ட் என்று ஒன்று இருக்கிறது. திருத்தும் மென்பொருள் வேகத்துக்காக அதன் உதவியை எடுத்துக்கொள்ளும். கஜானி அமைப்புகளைத் தேடித் திறந்து, அந்த உதவி வேண்டாம் என்று அடையாளத்தை எடுத்துவிட்டு மென்பொருளை மறுபடி தொடக்கினாள். கட்டமும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் கணினி பெருமூச்சு விட்டது. இந்த வேகத்தில் நாற்பது பக்கங்களை நான்கு மணிக்குள் முடிக்கமுடியாது.

நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று ஏன் கெட்டது? நேற்று மாலை மூடும்போது கணினி தன்பாட்டில் ஏதோ புதுப்பித்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. தேடிப் பார்த்தாள். கிராபிக்ஸ் கார்ட்டை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள் நேற்றுத்தான் மாறியிருந்தது. பழையதற்கே திரும்பு என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். திரை ஒருதரம் இருண்டு மீண்டது. உதவிக்கான அடையாளத்தை மறுபடி போட்டாள். சில்லை உருட்டினாள்.

படம் எண்ணெய் போட்ட கதவு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"வந்திட்டுது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்த, கீழே தையல் மெசின் ஒருகணம் நின்றது.

இருந்தாலும் நம்பிவிடாமல், படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி இடது மூலையில் இருந்து ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துக்கொண்டு போனாள். மணவறை, குத்துவிளக்கு, வாழ்த்தி அறுகரிசி தூவும் கைகள், பின்னால் நிற்கும் சனம். வலது பக்கத் தூணை அடைந்தபோது சறோஜினிதேவி அவள் தோளைப் பிடித்தார்.

"நில்லும் பிள்ளை. அந்தத் தூணடியிலை."

தூணோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைச் சேட்டும் சால்வையுமாக ஒரு பெரியவர் நின்றார். வலது கை மேலே உயர்ந்திருந்தது. விரல்களை விட்டு அப்போதுதான் பிரிந்த அறுகரிசி காற்றில் நின்றது.

"ஆர் அன்ரி?"

"என்ரை அண்ணை."

பிறகு நடந்ததைச் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன், கோயில் திருவிழா நோட்டீசில் சறோஜினிதேவியின் புருசன் பெயர் விடுபட்டுப்போனது. அச்சடிக்கக் கொடுத்தவர் அண்ணன் ஆழ்வாப்பிள்ளை. வேண்டுமென்றே விட்டது என்றார் தங்கை. அச்சுப் பிழை என்றார் அண்ணன். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. கல்யாணத்துக்கு அழைப்புக் கார்ட் மட்டும் தபாலில் போனது. அவர் வரவில்லை என்று பத்து நாளாகத் தங்கை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்திருக்கிறார் பிள்ளை. தாலிகட்டு நேரம் வந்து நிண்டிட்டு, பந்தியிலை இருக்காமல் போயிட்டார்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "இவ்வளவு வடிவா அறுகரிசி போட்டிருக்கிறார், பாரும்."

மூன்றரைக்குக் கடைசிப் பக்கமும் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் கஜானி தாலிகட்டுப் படத்தைத் தன் சிறிய அச்சு இயந்திரத்தில் ஒரு பிரதி எடுத்திருந்தாள். இருவரும் ஸ்கூட்டரில் அண்ணன் இருக்கும் நாரந்தனைக்குப் புறப்பட்டார்கள். வழி முழுக்கச் சறோஜினிதேவி என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். சத்தமாக.

ஆழ்வாப்பிள்ளை வீட்டு வாசல் படலையடியில் நின்று வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும் குழாய் தன் காலில் ஊற்றுவதுகூடத் தெரியாமல் நின்றார். ஒத்திகை பார்த்த ஒரு சொல்லும் சறோஜினிதேவிக்கு வாயில் வரவில்லை.

"அண்ணை, சாப்பிடாமல் ஏன் போனனீங்கள்?"

"ஆர் சொன்னது நான் வந்தனான் எண்டு?"

சறோஜினிதேவி படத்தை நீட்டினார். அண்ணன் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, வெகுநேரம் பார்த்தார்.

"தாரிகா வடிவா இருக்கிறாள்," என்றார். பிறகு தன் வயிற்றைத் தடவிக்கொண்டு கஜானியைப் பார்த்தார். "பிள்ளை, என்ரை வண்டியைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாமே."

"அனுப்பிப்போட்டன் அங்கிள். இனி ஏலாது."

அவர் முதலில் சிரித்தார். பிறகு தங்கையும் சிரித்தார்.

"பிள்ளையள் எப்ப பிளேன் ஏறுகினம்?"

"ஞாயிறு."

"அப்ப சனிக்கிழமை மத்தியானம் இஞ்சைதான் சாப்பாடு. மாமன் வீட்டிலை சாப்பிடாமல் ஒருத்தரும் நோர்வே போக ஏலாது. நீரும் வாரும் பிள்ளை."

சனிக்கிழமை காலை கஜானி யாழ்ப்பாணம் போய் அல்பத்தை வாங்கிக்கொண்டு நேரே நாரந்தனைக்கு வந்து இறங்கினாள். முற்றம் முழுக்கச் செருப்புகள். உள்ளே நண்டுக்கறி மணத்தது. அல்பத்தைக் கண்டதும் எல்லோரும் இலையை விட்டு எழும்பிவிட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை குறுக்கே நின்று இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஒருத்தரும் தொடக்கூடாது. முதலிலை எல்லாரும் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ. மாப்பிள்ளை, நீரும்தான்."