மரக்கடைக்காரர் வெட்டிய கிணறு

நிலமில்லாத ஏழைகளுக்கென்று அரசு எங்களுக்குக் கொடுத்த துண்டு நிலத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மரக்கடைக்காரருக்கு விற்றுவிட்டு வந்து நின்றார் என் வீட்டுக்காரர். அந்த நிலத்தை விற்கவே கூடாது, விற்றாலும் செல்லாது என்பது சட்டம். "சட்டத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் மரக்கடைக்காரர் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். கம்பி வேலி போட்டார், இரும்புக் கதவு மாட்டினார், கிணறு வெட்டினார். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது.

விடுவேனா? மனு மேல் மனு போட்டேன், செருப்புத் தேய நடந்தேன்.

இன்று அதிகாரி நேரில் வந்து, விற்பனை செல்லாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். மரக்கடைக்காரரிடம் சாவியை வாங்கி என் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

"வேலியும் கதவும் நான் போட்டது. கழட்டிட்டுதான் போவேன்!" என்று கத்தினார் மரக்கடைக்காரர்.

"தாராளமா கழட்டிக்குங்கண்ணே" என்றேன். "அப்படியே மறக்காம அந்தக் கிணத்தையும் சுருட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."