துடிப்பு இறங்கும் வரை

ஆய்வுக்கூடத்தில் முயலை மடியில் வைத்துக்கொள்வது என் வேலை. நான் பிடித்தால் அது அடங்கிவிடும். திரையில் இதயத்துடிப்பின் எண் இறங்கி ஒரே நிலையில் நின்ற பிறகுதான், சோதனை நடத்தும் அவர் அட்ரினலின் ஊசி போடுவார். பயந்தால் உடம்பு தானே சுரக்கிற நீர் அது. ஏற்கெனவே மிரண்டிருக்கும் முயலுக்குப் போட்டால் எது மருந்தின் வேலை, எது பயத்தின் வேலை என்று பிரிக்க முடியாது.

அன்று அவருக்கு இங்கே கடைசி நாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. இந்த ஒரு முயலின் சோதனையை முடித்துவிட்டால் சாயங்காலம் ரயில்.

இரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அவர் கேட்டதெல்லாம் முயலைப் பற்றி. நான் சொன்ன பதிலெல்லாம் தலையாட்டல். கூண்டு கழுவும் அக்கா எனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்து, அது நீளம் என்று பூச்சியாக்கிவிட்டாள். இன்றைக்காவது வாயைத் திற, இல்லையென்றால் அந்த முயலையே கட்டிக்கொள் என்று காலையில் திட்டியிருந்தாள்.

எண் இறங்கவில்லை. அவர் வயரைச் சரிபார்த்தார். விளக்கைக் குறைத்தார். என் கைகள் முயலை இறுக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. தளர்த்த மனம் வரவில்லை. இறங்காதவரை அவர் எழுந்து போகமாட்டார். முயலின் நெஞ்சு என் வயிற்றில் படபடத்தது. பாவமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றும் இருந்தது.

அக்கா உள்ளே வந்து பார்த்தாள்.

"முயலை இப்படிக் குடு பூச்சி. அதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் மடிக்குப் போன சற்று நேரத்தில் எண் இறங்கி நின்றது. ஊசியை எடுத்தவர் போடவில்லை. திரையைப் பார்த்தார். காலியான என் மடியைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு?"

தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது.

"நீங்க போறீங்கல்ல" என்றேன்.

அக்கா முயலின் காதைத் தடவுவதில் மும்முரமானாள். அவர் ஊசியைப் போட்டார். எண் ஏறத் தொடங்கியது.

"அங்கயும் முயல்தானா?" என்று கேட்டேன்.

"எலி. மடியில வைக்கிற வழக்கமில்ல."

"வேற எப்படிப் பிடிக்கணும்னு கத்துக்குவேன்."

எண்ணைக் குறிக்க வேண்டிய நேரம். அவர் இன்னும் பேனாவை எடுக்கவில்லை.