எஞ்சின் முகத்தில் ஒரு பொட்டு

"அதத் தொடாத," என்று மகள் ரக்ஷிதாவின் கையிலிருந்து எவர்சில்வர் தம்ளரைப் பிடுங்கிவிட்டாள் பிரபாவதி. "நல்ல தம்ளர்ல போய் ஓட்ட போடுவாங்களா? ஜன்னலோரம் ஒண்ணு இருக்கு பாரு, அத எடுத்துக்க."

ரக்ஷிதா அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே அவள் வகுப்புத் தோழி ஜினி அட்டையில் தண்டவாளம் வெட்டிக்கொண்டிருந்தாள். சமையலறைப் பேச்சு கூடத்துக்குக் கேட்காதபடி வளைகுடா நாட்டு ஈசா டவுனில் யாரும் வீடு கட்டுவதில்லை.

அந்தத் தம்ளர் ஜினிக்கென்றே இருந்தது. அவள் வந்தால் காபி கொடுக்க ஒதுக்கி, மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதே என்று அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள் பிரபாவதி. ஜினியின் அப்பா தேவசுந்தரம் ஏ.சி. மெக்கானிக், அம்மா சுகிர்தராணி நர்ஸ். குமரிக் கடற்கரையில் மீன்பிடித்த குடும்பம். அவர்கள் மீன் சாப்பிடுகிறவர்கள், நாம் சைவம், வேறொன்றுமில்லை என்பாள் பிரபாவதி. கணவர் முத்துராமனின் மேனேஜர் மக்தூம் மட்டும் என்ன, கீரையா சாப்பிடுகிறார்? அவர் வந்த அன்று பீரோவிலிருந்த வெள்ளித் தம்ளரல்லவா வெளியே வந்தது! கேட்டால் அது மரியாதையாம்.

தமிழ்ச் சங்கக் கண்காட்சிக்கு இரண்டு பெண்களும் நீராவி எஞ்சின் செய்தார்கள். படுக்க வைத்த தம்ளர்தான் கொதிகலன். அதன் வாயைத் தகரத்தால் மூடிப் பற்றவைத்து, ஆவி போக ஒரு துளை விட்டுக் கொடுத்தார் தேவசுந்தரம். கீழே ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் ஆவி சீறிக்கொண்டு வந்து தகரச் சக்கரத்தைச் சுழற்றும். வண்டிச் சக்கரங்களுக்கு ரக்ஷிதா அழகாகச் சிவப்பு பூசினாள்.

உரை எழுதியது பிரபாவதி. சும்மாவா, எம்.ஏ. வரலாறு! சுரங்கத்தில் தண்ணீர் இறைத்த எந்திரம் மில்லுக்குப் போனதையும் பிறகு தண்டவாளம் ஏறியதையும் சொல்லி, கடைசியில் மனமுருகி எழுதியிருந்தாள்: "பம்பாயிலிருந்து தாணாவுக்கு ரயில் ஓடிய அன்றே நம் நாட்டில் சாதி தடம் புரண்டது. எல்லாரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது நீராவி."

ஜினிக்குத்தான் கணீரென்ற குரல் என்பதால் அவளே மேடையில் வாசித்தாள். ஒரு சொல் பிசகவில்லை. கைதட்டலில் பிரபாவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுவர் பத்மநாபன், ஓய்வுபெற்ற இன்ஜினியர், எஞ்சினைக் குனிந்து பார்த்தார். அதன் முகப்பில், நட்டநடுவில், அந்தப் பொட்டு. பிரபாவதி அதை அப்போதுதான் கவனித்தாள். பரிசு போனால் போகட்டும், இத்தனை பேர் முன்னால் மானம் போய்விடுமே!

"இது என்னம்மா, விளக்கா?"

"இல்ல சார். இது எனக்குள்ள தம்ளர்," என்றாள் ஜினி. "ரக்ஷிதா வீட்டுல எனக்கு இதுலதான் காப்பி. வேற யாரும் இதுல குடிக்க மாட்டாங்க. ஆண்டியே அடையாளத்துக்குப் பொட்டு வச்சாங்க."

நடுவர் நெகிழ்ந்துபோனார். மகளின் தோழிக்கென்று தனித் தம்ளர் வைத்து, அதற்குப் பொட்டும் இட்டு அழகு பார்க்கும் தாயுள்ளத்தை மைக்கில் புகழ்ந்து முதல் பரிசை அறிவித்தார். முத்துராமன் எழுந்து நின்று கைதட்டினார். வீட்டில் ஒரு தம்ளரும் கழுவியறியாத மனிதருக்கு எல்லாமே புதுச் செய்தி. பிரபாவதி மேடையேறிக் கும்பிட்டாள். வேறென்ன செய்வாள்?

டூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்த சுகிர்தராணி மட்டும் கைதட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கிய பிரபாவதி, புகழ் தந்த தைரியத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் காபி சாப்பிட வரச் சொன்னாள்.

"வாறேன் அக்கா," என்றாள் சுகிர்தராணி, சிரித்த முகமாகவே. "ஆனா அந்தத் தம்ளருதான் எஞ்சினாப் போச்சே. எனக்கு எதுல தருவிய?"

சுற்றி நின்றவர்கள் வேடிக்கைப் பேச்சென்று சிரித்தார்கள். பிரபாவதியும் சிரித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பிரபாவதி அலமாரியிலிருந்து தம்ளர்களை இறக்கினாள். பிறகு மேசை இழுப்பறையைக் குடைந்தாள்.

"ரக்ஷி, என் நெயில் பாலிஷ் எங்கடி?"

"சக்கரத்துக்குப் பூசினேன்," என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "மிச்சத்த சிங்க்ல கொட்டிட்டேன்."

வாசலில் மணி அடித்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. சமையல் மேடையில் வரிசையாக இருந்த தம்ளர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.