மேனேஜரிடம் பேச வேண்டாம்

காலையில் சுகர் பார்க்கும்போது இருந்தவர்கள்: நான், பீரோவை ஒட்டிப் பாயில், மடியில் துண்டு விரித்து. துண்டுக்குள் மேனேஜர், தலை மட்டும் வெளியே. என் வீட்டுக்காரர் சிவசாமி எதிரே முக்காலியில், கையில் சுகர் மெஷின். பக்கத்து வீட்டு மூக்காயி வாசற்படியில், முல்லைப்பூக் கூடையோடு. என் மகன் ரகுநாத் அரிசி டின்னின் மேல், செம்பில் சாய்த்து வைத்த போனில், கத்தாரிலிருந்து.

இதைக் கால்நடை டாக்டர் சரண்யா கேட்டதால் எழுதிக் கொடுத்தேன். பூனைக்குப் படபடப்பு வந்தாலே சர்க்கரை ஏறுமாம். "வீட்ல பாக்குறப்ப யார் யாரும்மா சுத்தி இருப்பீங்க?" என்றார். சும்மா கேட்டாரோ என்னவோ, எனக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது.

மேனேஜர் எங்கள் பூனை. கீரமங்கலம் கமிஷன் கடைக்கு வந்த பலாப்பழ லோடில் குட்டியாகக் கிடந்தது. அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த ரகுநாத் எடுத்து வளர்த்தான். எல்லாரும் வேலை செய்ய, மேசை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். அவன் வெளிநாடு போன மறு வருஷம் அது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. சர்க்கரை என்றார்கள். அப்புறம் தின்றதெல்லாம் வாந்தி. தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய கால்நடை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, சதை எடுத்துப் பார்த்து, குடலில் லிம்போமா, ஒரு வகைக் கேன்சர் என்றார் டாக்டர். மாத்திரை உண்டு. ஆனால் குடலுக்கு நல்லது செய்கிற அந்த மாத்திரையே சர்க்கரையை ஏற்றிவிடும். இன்சுலின் கூட்டினால், சாப்பிடாத வேளையில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும். வீட்டில் பார்க்கிற அளவு இப்படி ஏறியே இருந்தால் மாத்திரையைக் குறைக்கத்தான் வேண்டும், குறைத்தால் குடல் தாங்காது என்றார்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் சொல்லித் தந்தது ஒன்று எனக்கு மறக்கவில்லை. காரணம் தேடினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் மூக்காயியை வர வேண்டாம் என்றேன்.

"நான் என்ன பேயா, பிசாசா? மனுசனுக்கு ஊசி போட்டா எட்டிப் பாக்க ஆளில்ல, பூனைக்கு ஊசின்னா என்னையவே வெரட்டுறீக" என்றாள். ஆனால் வரவில்லை. சர்க்கரை இறங்கவில்லை. அடுத்து இவரைக் கொல்லைக்கு அனுப்பினேன். பல் குச்சியோடு போனவர், "என்ன, எனக்கும் வேலை போச்சா?" என்று அங்கிருந்தே கேட்டார். அப்போதும் இறங்கவில்லை. மீனை மாற்றினேன், துண்டை மாற்றினேன். போனை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் மழையில் டவர் போய்விட்டது. ரகுநாத் பேசவில்லை. அன்றைக்கு அளவு இறங்கியிருந்தது.

மறுநாள் அவன் கூப்பிட்டபோது நான் போனைப் பார்க்கவில்லை, பூனையைப் பார்த்தேன். "டேய் மேனேஜர்" என்ற குரல் வந்ததும் துண்டுக்குள் உடம்பு விறைத்தது. காது இரண்டும் அரிசி டின் பக்கம் திரும்பின. என் உள்ளங்கைக்குக் கீழே நெஞ்சு படபடவென்று அடித்தது. காது நுனியில் குத்தி ரத்தம் எடுத்தேன், ஊசியைப் போட்டேன், விட்டேன். தட்டுக்குப் போகவில்லை. டின்னுக்குப் பின்னால் போய் மோந்தது. அவன் கட்டிலுக்கு அடியில், அவன் கைலி கிடக்கிற அலமாரியில், கடைசியாக வாசல் கேட் பக்கம். இத்தனை நாளும் இதை வயிற்று வலி என்று நினைத்திருந்தோம்.

ஒவ்வொரு தடவையும் அவன் கேட்பான், "என்னைய மறந்துருச்சாம்மா?"

இவர் முந்திக்கொண்டு, "அது எப்பவோ மறந்துருச்சுடா. மீனுக்காரன மட்டுந்தான் ஞாபகம்" என்பார். அவனும் சிரிப்பான்.

சிக்னல் இல்லை என்று சொல்லிச் சில நாள் போனை அணைத்து வைத்தேன். அளவு இறங்கியே இருந்தது. "அப்படியே விடுங்கம்மா, மாத்திரைய கொறைக்க வேணாம்" என்றார் டாக்டர். ஆனால் போனைத் திறந்தால் அவன் அனுப்பிய செய்திகள் வரிசையாக நின்றன. ஏன் எடுக்கலை, என்னாச்சு, மேனேஜர் இருக்குல்ல.

"சொல்லிர வேண்டியதுதான" என்றார் இவர்.

"என்னன்னு சொல்ல? ஒன் குரல் ஆகலைன்னா?"

எங்களுக்குள் இருந்த சங்கடம் அது மட்டும் இல்லை. ரகுநாத் எங்களிடம் பேசுவது "நல்லாருக்கேன், சாப்ட்டேன்" அவ்வளவுதான். மீதி எல்லாம் மேனேஜரிடம். "டேய், நேத்து வெயில்ல கூட இருந்த ஆளு மயங்கி விழுந்துட்டான்டா." "இன்னைக்கு ரூம்ல குழம்பு வச்சேன்டா, ஒனக்குகூடப் பிடிக்காது." அவன் எப்படி இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரிவதே பூனை வழியாகத்தான். காலையில் வேலைக்கு பஸ் ஏறும் முன்பும், சாயங்காலம் அறைக்குத் திரும்பியதுமே அவனுக்குப் பேச நேரம். இரண்டும் ஊசி வேளை.

மூக்காயியின் மகன் அய்யப்பன் லீவு முடிந்து கத்தாருக்கே திரும்புகிறான். அவனிடம் கொடுத்துவிட முறுக்குப் பொட்டலம் கட்டினேன். கட்டிவிட்டு உட்கார்ந்து எழுதினேன்.

"அன்புள்ள ரகுநாத், உன் கேள்விக்கு நாங்கள் இதுவரை சொன்ன பதில் தப்பு. அது உன்னை மறக்கவில்லை. உன் குரல் கேட்டால் வீடு முழுக்கத் தேடுகிறது. தேடுகிற அன்றைக்குச் சர்க்கரை ஏறுகிறது, சாப்பாடும் இறங்குவதில்லை. அதனால் கொஞ்ச காலத்துக்கு அதனிடம் பேச வேண்டாம். நீ எங்களோடு பேசும்போது நாங்கள் மூக்காயி வீட்டுக்குப் போய்க்கொள்கிறோம். அதனிடம் என்னென்ன சொல்வாயோ, அதையெல்லாம் எனக்கு எழுது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அது சொல்லாத மாதிரியே."

கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டேன். மதியச் சோற்றில் நாலு பருக்கை எடுத்து மசித்துக் கவரை ஒட்டினேன். பசையில் மேனேஜரின் சாம்பல் நிற முடி ஒன்று சிக்கி, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அய்யப்பன் வண்டியை அணைக்காமல் கேட்டருகே நின்றான். பொட்டலத்தை வாங்கினான், கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்தக் காலத்துல லெட்டரா? போன்ல சொல்லக் கூடாதா, பெரியம்மா?"

"போன்ல சொன்னா அதுக்குக் கேட்ரும்ப்பா."

அவன் சிரித்துக்கொண்டே கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டான். வண்டி அறந்தாங்கி ரோட்டில் ஏறியது. மேனேஜர் தட்டில் வாய் வைத்திருந்தது. ஒரு காது மட்டும் ரோட்டுப் பக்கம் திரும்பி, சத்தம் தேயும்வரை அங்கேயே நின்றது.