அத்தையின் நாற்பது நிமிடங்கள்

கண்ணை மூடிவிட்டால் மனிதர்கள் சாதுவாகிவிடுகிறார்கள். தோல் சிகிச்சை மையத்தில் பதினோரு வருடமாக லேசர் பிடிக்கிறேன். அங்கே நான் கற்ற பெரிய பாடம் இதுதான். ஒளி படாமலிருக்கக் கண்ணுக்கு உலோக மூடி வைத்ததும் பெரிய பெரிய அதிகாரிகளே அடங்கிப் போவார்கள். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாவிட்டால் கோபப்படுவதில் சுவாரசியம் குறைந்துவிடும் போல.

அதனால்தான் அத்தையிடம் விஷயத்தைச் சொல்ல இந்த அறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். என் மாமியாரின் கன்னங்களில் வயதுக்கு வரும் பழுப்புப் புள்ளிகள். மாதம் ஒரு முறை நான்தான் சிகிச்சை செய்கிறேன். விஷயம் இது: நாங்கள் தனிக்குடித்தனம் போகப் போகிறோம். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி வீடு பார்த்தாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் அன்று மாலைக்குள் பதில் கேட்டிருந்தார். "நீ சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க" என்று கணவர் நைசாகக் கழன்றுகொண்டார்.

போன மூன்று தடவையும் தொண்டை வரை வந்த பேச்சை விழுங்கிவிட்டு வெயிலைப் பற்றிப் பேசி முடித்தேன். இந்தத் தடவை தப்பாது. புள்ளி புள்ளியாகச் சுட்டு, குளிர்காற்று அடித்து, துடைத்து, மறுபடி சுட நாற்பது நிமிடமாகும். முதல் இருபது நிமிடம் மகளின் படிப்பு, அடுத்த பத்தில் இட நெருக்கடி, கடைசிப் பத்தில் விஷயம். ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று.

ஆனால் அன்று காலையில் 'மாப்பிள்ளை' வந்து இறங்கியிருந்தது. வந்ததிலிருந்து எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடியதால் வரவேற்பறைப் பெண் புது மிஷினுக்கு வைத்த பெயர். அதுவே முகத்தைப் படம் பிடிக்கும். எந்தப் புள்ளிக்கு எவ்வளவு ஒளி என்று அதுவே முடிவு செய்யும். அதன் கையே நகர்ந்து சுடும்.

"இனிமே நீங்க பட்டனை அழுத்தினா போதும்," என்றார் பயிற்சி கொடுக்க வந்த கம்பெனிக்காரர். "முழு முகமும் நாலே நிமிஷம்."

"நாலா?"

"ஏன் மேடம், அதிகமா?"

டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு. "முதல்ல உங்க அத்தைக்கே போட்டுடலாமே!" அத்தை வந்ததும் காதோரம் ஒரு புள்ளியைச் சோதித்து, அளவுகளைச் சரிபார்த்துவிட்டு அவர் கம்பெனிக்காரரோடு தன் அறைக்குப் போனார்.

அத்தை படுத்தார். கண்ணுக்கு மூடி வைத்தேன்.

"வலிக்குமா?"

"பழசைவிடக் கம்மிதான் அத்தை."

"அப்ப இத்தனை நாள் பழசுல போட்டு ஏன் என்னை வாட்டின?"

பட்டனை அழுத்தினேன். திரையில் அத்தையின் முகம் பச்சைக் கோடுகளாக விரிந்தது. ஓரத்தில் கடிகாரம் பின்னோக்கி ஓடியது.

"பாப்பா நல்லா படிக்கிறா அத்தை." மூன்று நிமிடம் இருபது.

"அவளுக்கு ஒரு மேஜை போடத்தான் இடமில்ல." இரண்டு ஐம்பது.

இடது கன்னமே முடிந்துவிட்டது. என் ஒத்திகை பாதி வழியில் நின்றது.

"அத்தை, நாங்க தனியா போறோம்."

மிஷின் டக்கென்று நின்றது. திரையில் உதட்டோரம் ஒரு கோடு சிவந்தது. 'முகம் அசைந்தது. காத்திருக்கவும்.'

எப்படி அசைந்தது என்று போடவில்லை. சிரித்தாலும் அந்தத் தசைதான் இழுபடும், அழுகையை அடக்கினாலும் அதுதான். மாப்பிள்ளை கோடிக்கணக்கான முகங்களைப் படித்திருக்கிறதாம். இந்த முகத்தோடு ஒரே சமையலறையில் நின்றதில்லை. நான் பன்னிரண்டு வருடம் நின்றிருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை.

மூடியை எடுத்தால் தெரிந்துவிடும். அப்போதுதான் உறைத்தது. அவர் சாதுவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் சாக்கு. அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குத்தான் பயம்.

சாவியைத் திருப்பி மிஷினை அணைத்துவிட்டு மூடியை எடுத்தேன்.

கண்கள் கலங்கியிருந்தன. குரல் மட்டும் வழக்கம் போல.

"இதுக்காகத்தான் மூணு மாசமா வெயில் வெயில்னு அளந்தியா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"உன் புருஷன் குளியலறைக்குள்ள நின்னு வீட்டுக்காரர்கிட்ட போன்ல கத்துறான். நாலு வீட்டுக்குக் கேக்குது. எனக்குக் கேக்காதா?"

"அப்ப ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ என்னடான்னா என் கண்ணைக் கட்டிட்டுச் சொல்ற."

"கோபமா?"

"இல்லாம? கோபம் இருக்கு. அதுக்காகப் பிள்ளைக்கு மேஜை வேண்டாமா?" முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, மூடியைப் போடு. பாதி மூஞ்சியோட என்னை அனுப்பிடாத."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடுவோம் அத்தை."

"வா. இந்த மிஷின் மாதிரி நாலு நிமிஷம் நின்னுட்டு ஓடாத. பழசு மாதிரி வந்து உக்காரணும், சொல்லிட்டேன்."

மூடி வைத்து, மிஷினைப் போட்டேன். உதட்டோரம் மறுபடி சிவப்பு.

"சிரிக்காதீங்க அத்தை, நின்னுடுது."

"நான் எங்கடி சிரிச்சேன்?" என்றார் அத்தை. மிஷின் மறுபடி நின்றது.

மீதி இருந்தது இரண்டு நிமிட வேலை. முடிக்க அரை மணி நேரம் ஆனது.