சனிக்கிழமைக்காரர்

கண்ணாடிக்காரம்மாவின் கணவர் இரண்டாவது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த மறுநாள், புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, இரண்டு பேராக எழுந்தார். கட்டிலின் இடப்பக்கம் ஒருவர் இறங்கினார், வலப்பக்கம் ஒருவர் இறங்கினார். தான் எப்போது நடுவுக்கு நகர்ந்தோம் என்றுதான் அவள் முதலில் யோசித்தாள். இருவருக்கும் ஒரே வழுக்கை, ஒரே தொப்பை, இடது புருவத்தில் ஒரே தழும்பு. ஒருவர் களிமண் பலகைகளில் கீறியிருந்த பழைய எழுத்துகளைப் பற்றிப் பேசினார், மற்றவர் அந்தக் களிமண்ணைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான் வித்தியாசம். இருவரும் தேநீர் கேட்டார்கள். அவள் இன்னொரு கோப்பையைக் கழுவி எடுத்தாள். அன்றைக்கு அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று பேர் கண் பரிசோதனைக்கு நேரம் கேட்டிருந்தார்கள். நின்று ஆச்சரியப்பட அவளுக்குப் பொழுதில்லை.

அடுத்த ஒன்பது வருடங்களில் அவர் ஆறு பேரானார். எல்லாம் ஒன்றைத் தொட்டு ஒன்று வந்ததுதான். பலகைகளில் பாதி, வரி கட்டிய ரசீதுகள் என்று தெரிந்ததும் வரி வசூலின் வரலாற்றுக்கென்று ஒருவர் வந்துவிட்டார். மண்ணைத் தோண்டியவர் மண்புழுவைப் பார்த்தார், புழுவுக்கு ஒருவர். புழு நெளிவது தண்ணீரில் அலை போவது மாதிரியே இருக்கிறது என்று அவர் சாப்பாட்டு மேசையில் வாய் தவறிச் சொன்னார். மறுநாள் காலை அலைகளின் கணிதத்துக்கு ஒருவர் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். கடைசியாக வந்தவர் அலையிலிருந்து ஓசைக்கும் ஓசையிலிருந்து தாலாட்டுக்கும் போனவர். கண்ணாடிக்காரம்மா அவர்களை எழுத்து, மண்ணு, வரி, புழு, அலை, பாட்டு என்று கூப்பிட்டாள். தெருவிலும் அப்படியே பழகிப்போயிற்று. மகள் மட்டும் எல்லாரையும் அப்பா என்றாள். அவள் கூப்பிட்டால் ஆறு தலைகள் திரும்பும்; என்ன கேட்டாள் என்பது ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

முகம் ஒன்றாக இருந்தாலும் கண் ஒன்றாக இல்லை. எழுத்துக்குக் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போனது. புழு எந்நேரமும் நுண்ணோக்கியில் வலது கண்ணையே வைத்திருந்ததால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு அளவு. மண்ணு மாதம் ஒரு கண்ணாடிச் சட்டத்தை உடைத்துக்கொண்டு வந்தார். கடை வேலை முடிந்த பிறகு அவள் இவர்களுக்கென்று உட்கார்ந்து கண்ணாடி தேய்த்தாள். பாட்டுக்குப் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. மற்றவர்களுக்கு இருக்கிறதே என்று அவரும் கேட்டார். வெறும் கண்ணாடியைச் சட்டத்தில் மாட்டிக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு, யாராவது பாட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

கணவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் பதிவாளர் இதில் பெரிதாகக் குழம்பவில்லை. பணியிடம் ஒன்று, நாற்காலி ஒன்று, வாரத்துக்கு வேலை நாள் ஆறு. திங்கள் எழுத்து, செவ்வாய் மண்ணு என்று வரிசைப்படி வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். சனிக்கிழமை பாட்டுக்கு வந்தது. கையெழுத்து ஆறு நாளும் ஒரே மாதிரி இருந்ததால் தணிக்கைக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில்தான் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவரோடொருவர் பேச மாட்டார்கள். மற்ற ஐந்து பேரும் வாழ்நாளை வீணாக்குகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் அவள் வழியாகத்தான் போக வேண்டும்.

“அந்த மண்ணுகிட்ட சொல்லு, என் மேசை மேல சாக்குப் பையை வைக்க வேணாம்னு,” என்றார் வரி.

“நீங்களே சொல்லுங்களேன். பக்கத்துலதானே உக்காந்திருக்கார்?”

“அவருக்கு என் துறை புரியாது.”

“சாக்குப் பையை எடுங்கன்னு சொல்றதுக்கு என்னங்க துறை?” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு, தானே பையைத் தூக்கிக் கொல்லையில் வைத்தாள். சாயங்காலம் அது திரும்பவும் மேசை மேல் இருந்தது.

பாட்டு கொஞ்சம் சாது. ஆனால் எரிச்சலில் அவர் பங்குக்கும் குறை வைக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்கும், துணி ஆலைக்குப் பக்கத்திலிருந்த குழந்தைகள் காப்பகத்துக்கும் போவார். முந்நூறுக்கும் மேலே தாலாட்டுகளை ஒலிநாடாக்களில் சேர்த்திருந்தார். திரும்பி வந்ததும் கண்ணாடிக்காரம்மாவைப் பிடித்துக்கொள்வார். அவள் அம்மா அவளைத் தூங்கவைக்க என்ன பாடினாள்? அவள் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே, “எங்க அம்மா பாடல, அதட்டினா. போய் வேற வேலையைப் பாருங்க,” என்பாள். “அந்த அதட்டலையாவது சொல்லேன்,” என்பார் அவர். அதற்குள் யாராவது வாடிக்கையாளர் வந்துவிடுவார். நான்கு வருடம் இப்படியே போயிற்று.

இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், பேருந்து நிறுத்தத்தில் மடியில் கருவியோடு உட்கார்ந்தபடியே பாட்டு இறந்துபோனார். இரண்டு பேருந்துகள் நின்று பார்த்துவிட்டுப் போன பிறகுதான், தூங்குகிறவர் இல்லை இவர் என்று பழக்கடைக்காரருக்குத் தோன்றியது. மகள் வெளியூரில் சிமென்ட் ஆலையில் வேலையாயிருந்தாள், வந்து சேர்ந்தாள். அடக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரே மாதிரிச் சட்டையில் நின்றார்கள். மண்ணு குழியின் ஓரத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து, புளிப்புத்தன்மை அதிகம் என்றார். இந்த மண்ணில் எத்தனை மாதம் ஆகும் என்று புழு விளக்கத் தொடங்கினார். மகள் அவர் வாயைப் பொத்தினாள். ஓசை என்பது முழுதாக அழிவதில்லை, தேய்ந்துகொண்டேதான் போகும் என்று அலை யாரிடமும் இல்லாமல் சொன்னார். மறுநாள் காலை ஐந்து பேரும் அவரவர் மேசைக்குப் போய்விட்டார்கள்.

மூன்றாவது வாரம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தொடர்ந்து இரண்டு சனிக்கிழமைகள் வராததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கண்ணாடிக்காரம்மா கடையைச் சாத்திவிட்டு நேரில் போனாள்.

“அவர் இறந்துட்டாருங்க,” என்றாள்.

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். “திங்கக்கிழமை வந்திருக்காரே?”

“அது எழுத்து.”

“செவ்வாய்க்கிழமையும் வந்திருக்கார். கையெழுத்து இருக்கு பாருங்க. வாரத்துல அஞ்சு நாள் வர்றவரை எப்படிம்மா செத்தவர்னு எழுதுறது?”

“அப்ப நான் யாருக்காக அழுதுட்டிருக்கேன்?” என்று கேட்டாள் அவள். அதற்குப் படிவம் எதுவும் இல்லை என்று எழுத்தர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஐந்து பேரும் ஐந்து மேசைகளில் குனிந்திருந்தார்கள். வரி தலையை நிமிர்த்தாமல், ரசீதுக் கட்டு ஒன்றைக் காணவில்லை, எழுத்திடம் கேட்டுச் சொல் என்றார். அவளுக்குப் பொறுக்கவில்லை. கைப்பையைத் தரையில் போட்டாள்.

“ஒருத்தர் செத்துப்போயிட்டார். யாரோ தூரத்துச் சொந்தம்னு நெனச்சீங்களா? நீங்கதான்யா செத்துப்போயிருக்கீங்க! ஒருத்தருக்காவது உறைக்குதா?”

அவள் மேசை மேசையாகப் போய் ஐந்து பேர் மூக்கிலிருந்தும் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றி, கடைக்கு எடுத்துப்போய், இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் நாள் அவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். புழு குளியலறைக்குப் பதில் துணி அலமாரிக்குள் போய்விட்டார். இரண்டாம் நாள் படிக்கவும் முடியாமல் எழுதவும் முடியாமல், வேறு போக்கிடமில்லாமல், ஐந்து பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அந்த அறையில் கண் தேவைப்படாத பொருள் ஒன்றுதான் இருந்தது, பாட்டின் ஒலிப்பதிவுக் கருவி. எந்தப் பொத்தான் என்று ஐந்து விரல்கள் தேடின. பிரசவ வார்டில் ஒரு பெண் பாட ஆரம்பித்தாள்.

மூன்று நாட்கள் அவர்கள் அந்த அறையை விட்டு நகரவில்லை. அடம்பிடிக்கிற குழந்தைகளைப் பயமுறுத்த நாற்பது பாட்டுகளில் ஓர் ஆள் வந்தான், அறுவடையன்று கையில் மரக்காலோடு வந்து தானியத்தை அளந்துகொண்டு போகிறவன். “இது நம்ம வரி வசூல்காரன்தான்,” என்று வரி மெதுவாகச் சொன்னார். பாடுகிறவளின் பாதம் தரையில் தட்டுவதைக் கேட்டே, அது ஈரம் காயாத மண் தரை என்றார் மண்ணு. ஒரு தொட்டில் போய்த் திரும்ப எத்தனை வினாடி என்று அலை தன் தொடையில் தட்டி எண்ணினார். கேட்கத் தொடங்கிய இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கிழவியின் பாட்டில் நூநூ என்று அர்த்தமில்லாத ஒரு சொல் வந்தது. எழுத்து சடக்கென்று எழுந்து நாற்காலியில் முட்டிக்கொண்டார். ரசீதுப் பலகை ஒன்றின் கடைசியில் இரண்டு தடவை கீறியிருந்த அந்தச் சொல்லை அவர் பதினொரு வருடமாக ஏதோ ஒரு முகத்தலளவை என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தார். “மடியில குழந்தையை வெச்சுக்கிட்டுல்ல எழுதியிருக்கா,” என்றார். வரி கையை நீட்டித் துழாவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். புழுவுக்கு எந்தப் பாட்டிலும் எதுவும் கிடைக்கவில்லை. அவர் மட்டும் மூன்று நாளும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

நான்காம் நாள் கண்ணாடிக்காரம்மா கண்ணாடிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருவரும் கையை நீட்டவில்லை. ஒலிநாடாக்களில் கடைசியாக இருந்ததைச் சுழலவிட்டிருந்தார்கள். அது காலியாக இருந்தது. மேலே பாட்டின் கையெழுத்தில் ‘வீட்டுக்காரி’ என்று எழுதியிருந்ததை அவள்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் கண்ணாடிகளை மேசை மேல் வைத்தாள். பிறகு பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கருவிக்குப் பக்கத்தில் குனிந்து, “தூங்குடி. தூங்கித் தொலைடி. விடிஞ்சா எனக்கு வேலை இருக்குடி. கண்ணை மூடுடி, உயிரை வாங்காதே, தூங்குடி,” என்றாள். ஐந்து ஆராய்ச்சியாளர்கள் இருந்த அந்த அறையில் ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

தாலாட்டு ஆய்வை ஐந்து பேரும் சேர்ந்து எழுதி முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. சனிக்கிழமைதோறும் ஐந்து பேரும் ஒன்றாக அலுவலகம் போய், ஒரே நாற்காலியைச் சுற்றி நின்று, சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டு எழுதினார்கள். எழுத்துக்கும் மண்ணுக்கும் அடிக்குறிப்பு ஒன்றில் கைகலப்புகூட ஆனது. ஆய்வு இறந்தவர் பேருக்கே ஏற்கப்பட்டது. உயிரோடிருப்பவரின் பேரும் அதுவே என்பதால் நிர்வாகத்துக்குச் சிக்கல் எதுவும் எழவில்லை. பிறகு பதிவாளர், ஊழியரின் சனிக்கிழமைப் பகுதி காலமானது என்று முத்திரையோடு ஓர் ஆணை அனுப்பினார். கண்ணாடிக்காரம்மா அதை மடித்து அலமாரியில் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்காரருக்கும் திங்கட்கிழமைக்காரருக்கும் நடுவில் சனிக்கிழமை அன்றைக்கு மட்டும் அவள் கடையைத் திறப்பதில்லை. தெருவில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்தக் கோடையில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். வாசலில் நின்று, அட்டையில் வைத்த படிவத்தில் எழுதினாள். குடும்பத் தலைவி, கண்ணாடிக் கடை. அடுத்தவர் என்ன உறவு? கணவர். அவருக்கு அடுத்தவர்? கணவர். அந்தப் பெண் ஐந்து தடவையும் அழகான கையெழுத்தில் அதையே எழுதினாள். அந்தப் பகுதியில் மூன்று தெரு முடித்துவிட்டு வருகிறவள், வெயில் வேறு. தொழில் எல்லாருக்கும் ஆராய்ச்சிதானே என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டாள்.

“அவ்ளோதானேம்மா? வேற யாரும் இல்லையே?”

கண்ணாடிக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். புழு சாப்பாட்டு மேசையில் ஒரு பறவை முட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற நான்கு பேரும் அவரைச் சுற்றி நின்று, அதன் ஓட்டில் இருந்த புள்ளிகளைப் பற்றி ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

“எதுக்கும் ஒரு கட்டத்தைக் காலியா விட்டு வைங்க,” என்றாள்.

அந்தப் பெண் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.