பார்த்ததாகச் சொன்ன முகம்

மலேசியாவின் கூலிம் நகரத் தொழிற்சாலையில் உள்ளே போக, கார்டைத் தேய்த்து வாசல் கேமராவுக்கு முகம் காட்ட வேண்டும். அதை மாட்டிய அன்று, கேண்டீனில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு விளக்கம் சொன்னவள் மனிதவளப் பிரிவு யோகேஸ்வரி. "மெஷின் சந்தேகப்படும், அவ்வளவுதான்லா. கடைசி முடிவு ஒரு மனுசர் பார்த்துத்தான்" என்றாள். தலைமையகம் அனுப்பிய செயற்கை நுண்ணறிவுக் கொள்கையைத் தமிழாக்கியவளும் அவள்தான். கண்ணியம், பொறுப்பு, மனித மேற்பார்வை என்று பூசி மெழுகியிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த மனுசர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாட்சாத் அவளேதான். திரையில் சந்தேகப் பெயர்கள் வந்து குவியும். படத்தைத் திறந்து பார்க்க நேரம் ஏது? 'பரிசீலித்தேன்' பொத்தானைத் தட்டிக்கொண்டே போவாள்; மெஷின் சொன்னதே முடிவாகிவிடும்.

கணவரின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, தைப்பூசத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள் மருதம்மாள். வேறு யாரோ அவள் கார்டில் நுழைகிறார்கள் என்றது கேமரா. யோகேஸ்வரி பொத்தானைத் தட்டினாள். மருதம்மாளுக்கு வேலை போயிற்று.

மறுநாளே மருதம்மாள் வந்து நின்றாள். "அந்த மனுசர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. இந்த மொட்டையப் பார்த்தா புரிஞ்சிக்க மாட்டாங்களா?"

யோகேஸ்வரி நேரே மேனேஜர் சுகுமாரனிடம் போனாள். "பாஸ், நான் படத்தைத் திறக்கவே இல்ல. அக்காவ திருப்பி எடுத்துக்கலாம்."

"யாரும் பார்க்கலன்னு எழுதினா கொள்கையே பொய்யாயிடும்லா. உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். 'முறையான மனிதப் பரிசீலனைக்குப் பின் எடுத்த முடிவு'ன்னு அவங்களுக்குப் பதில் எழுது. உனக்குத்தான் தமிழ் நல்லா வருமே."

எழுதினாள். பாழாய்ப்போன தமிழ், அழகாகவே வந்தது.

மாலையில் கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் மருதம்மாள் காத்திருந்தாள். "சொன்னியாம்மா?"

"சொன்னேன்க்கா. அவங்க கேட்கல."

அந்த மனுசர் நான்தான் என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

மருதம்மாள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். "சரி விடும்மா. மேல யாரு என்ன சொன்னாங்களோ, பாவம். அவங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்ல." மடியிலிருந்து கோயில் திருநீற்றை எடுத்தாள். "எனக்காகப் பேசுன, நீ நல்லாருக்கணும்."

யோகேஸ்வரி நெற்றியைக் காட்டினாள்.